தமிழ் டீச்சரா முதல் வருஷம், ண ன ந-ல மாட்டிக்கிட்டு நிக்கிறேன்

கேள்வி: ஜூன்ல ஜாயின் பண்ணேன், ஆறாம் வகுப்பு, 42 பசங்க. பி.எட்ல போட்ட லெசன் பிளான் முதல் வாரமே கைகொடுக்கல. டிக்டேஷன் வெச்சா பாதி பேர் 'வன்டி'னு எழுதுறாங்க, நானும் சிவப்பு மையில சுழிச்சு சுழிச்சு குடுத்ததுல ரெண்டு பொண்ணுங்க இப்போ நோட்டையே நீட்ட மாட்டேங்குறாங்க, மனசு ரொம்ப கஷ்டமா இருக்கு. எப்படி சமாளிச்சீங்க?

பதில் 1: மூணு சுழி ரெண்டு சுழினு சொல்றத விடுங்க மேடம். டண்ணகரம், றன்னகரம், தந்நகரம்னு பேர சொல்லிக்குடுங்க, பேர்லயே விஷயம் இருக்கு. ட-வுக்கு முன்னாடி ண் தான், ற-வுக்கு ன், த-வுக்கு ந். வண்டி, கன்று, பந்து. எனக்கே இது மூணாவது வருஷம் தான் உறைச்சுது.

பதில் 2: நான் முதல் வருஷம் ஒரு பையன 'வாளப்பளம்'னு படிச்சதுக்கு எல்லார் முன்னாடியும் திருத்திட்டேன், அதுக்கப்புறம் அவன் வருஷம் பூரா சத்தமா படிக்கவே இல்ல, இன்னமும் உறுத்துது. இப்போ கண்ணாடி குடுத்து நாக்க பாக்க சொல்றேன். ள-க்கு நுனி மேல தொடும், ழ-க்கு லேசா வருடும்.

கேள்வி கேட்டவர்: இன்னைக்கு பென்சில்ல தான் திருத்தினேன். ஒரு பொண்ணு நோட்ட காட்டிட்டா.