ஹால் சுவர் அளவு: கதவு, ஜன்னலைக் கழிப்பதா வேண்டாமா?

வணக்கம். மதுரையில் எங்கள் பழைய வீட்டு ஹாலுக்குப் பட்டி (சுவரைச் சமப்படுத்தும் மெல்லிய பூச்சு) பார்த்து எமல்ஷன் பெயிண்ட் அடிக்கப் போகிறோம். பொருளை நாங்களே வாங்கித் தருவதாகப் பேச்சு. அதனால் அளவு சரியாகத் தெரிய வேண்டும்.

ஹால் 14க்கு 12 அடி, உயரம் 10. சுற்றளவு 52 அடி என்றால் சுவர் 520 சதுர அடி. 7க்கு 3 கதவு இரண்டு, 5க்கு 4 ஜன்னல் ஒன்று கழித்தால் 458. சீலிங் 168 சேர்த்து 626. பெயிண்டரோ டேப்பையே எடுக்கவில்லை, தரை அளவை மூன்றரையால் பெருக்கினால் போதும் என்கிறார். அது 588தான் வருகிறது. முழு வீட்டுக்கு ஒத்துவரலாம், ஒற்றை அறைக்கு எனக்கு நம்பிக்கை இல்லை.

கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1200 முறையில் 0.5 முதல் 3 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்கு, சுவரின் இரண்டு பக்கமும் வேலை நடந்தால் ஒரு பக்கம் மட்டும் கழிப்பார்கள். எங்களுக்கு ஹால் பக்கம் மட்டும்தான் வேலை. அப்படியானால் முழுதும் கழிக்கலாமா? ஜன்னலின் உள்பக்கச் சுவர் அரை அடி ஆழம், அதைத் தனியாகச் சேர்ப்பீர்களா?

அப்புறம் இன்னொன்று. மேற்குச் சுவரில் நீள ஸ்கேலை வைத்தால் நடுவில் கால் அங்குலம் இடைவெளி தெரிகிறது. அங்கே பட்டியை மட்டும் நம்பலாமா, முதலில் சிமெண்ட் பூச வேண்டுமா? அதைப் பொறுத்துத்தான் எத்தனை மூட்டை என்று முடிவு செய்ய முடியும். வேலை செய்து பார்த்த அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.