புதுப்பிப்பு: ஸ்டார் ட்ரெக் நான்காம் சீசனின் தொடக்கம் புரியாத சிக்கல் தீர்ந்தது

‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ எனும் அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் நான்காம் சீசனின் முதல் அத்தியாயத்திலேயே விண்கப்பலின் தலைவரான கப்டன் பிக்கார்ட் ஏன் எதிரியாக நிற்கிறார் என்று கேட்டிருந்தேன், பதிலளித்த அனைவருக்கும் நன்றி. மூன்றாம் சீசனின் 26ஆம் அத்தியாயத்தை முதலில் பார்க்கச் சொன்ன அண்ணரின் ஆலோசனையே கைகொடுத்தது. 1990 யூனில் பாதியில் நிறுத்தப்பட்ட கதை செப்ரெம்பரில்தான் தொடர்ந்திருக்கிறது. உப்புவெளியில் நானும் தம்பியும் இரண்டையும் ஒரே இரவில் பார்த்து முடித்தோம். ‘போர்க்’ எனும் பாதி இயந்திரமான வேற்றுலக இனம் பிக்கார்டைப் பிடித்துத் தன்னோடு இணைத்துக்கொண்டதும், அதே இணைப்பின் வழியாகக் கப்பலின் இயந்திர மனித அதிகாரியான ‘டேட்டா’ அவர்களை உறங்கவைத்ததும் இப்போது விளங்குகின்றன, ஆயினும் அந்தத் தீர்வு சற்று அவசரமானது என்பதே என் எண்ணம். எதிர்பாராதது அடுத்த அத்தியாயம்: சண்டையே இல்லாமல், கப்பலின் கட்டளைத் தளம் ஒருமுறைகூடக் காட்டப்படாமல், பிக்கார்ட் பிரான்ஸில் தமையனோடு திராட்சைத் தோட்டத்துச் சேற்றில் கட்டிப்புரண்டு அழுகிறார். அதையும் தவறவிடாதீர்கள்.