நட்சத்திர அட்டை: கொடுத்ததைத் திரும்ப எடுக்கலாமா?

கல்லடியிலிருந்து ஒரு தாய்:
பிள்ளை நல்ல பழக்கம் ஒன்றைச் செய்யும்போதெல்லாம் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டி, சொன்ன எண்ணிக்கை சேர்ந்ததும் பரிசு கொடுக்கும் அட்டைதான் நட்சத்திர அட்டை. பல் தீட்டுதல், குளித்தல், தானே சப்பாத்து அணிதல் ஆகிய மூன்றுக்கும் நட்சத்திரம் ஒட்டி, பத்துச் சேர்ந்தால் கடற்கரைக்குக் கூட்டிப்போவதாக ஐந்து வயது மகனுக்கு வாக்களித்திருந்தேன். ஒன்பது சேர்ந்திருந்த அன்று அவன் தங்கையை அடித்துவிட, கோபத்தில் ஒன்றை உரித்தெடுத்தேன். அவன் அழவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு ஏறி, மீதி எட்டையும் நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டியெடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "எல்லாத்தையும் நீங்களே வச்சிருங்க அம்மா" என்றான். கடைசி நட்சத்திரம் அவன் விரலிலேயே ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது இன்னமும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாப்பா:
சகோதரி, அது அவன் உழைத்த கூலி. வயல் வெட்டி முடித்தவரிடம், வீட்டில் சண்டை பிடித்தீர் என்று சொல்லிக் கூலியைக் குறைப்போமா? தவறு என் பக்கமும் உண்டு. ஒரு வாரம் தன் பாயைத் தானே மடித்தால், வெள்ளிக்கிழமைக் கறியை மகளே தீர்மானிக்கலாம் என்றிருந்தோம். அவள் கணவாய் கேட்டாள். சந்தையில் கிடைக்காததால், ஒரு சொல்லும் சொல்லாமல் இறாலோடு வந்தேன். மறுநாள் பாய் விரித்தபடியே கிடந்தது.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு முன்பள்ளி ஆசிரியை:
கூலி என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. வண்ணம் தீட்டுவதில் தன்னை மறந்திருந்த சிறுமிக்கு ஒருநாள் ஸ்டிக்கர் கொடுத்தேன். மறுநாள் ஒரேயொரு கோடு இழுத்துவிட்டுக் கையை நீட்டினாள். 1973இல் மார்க் லெப்பரும் இரு ஆய்வாளர்களும் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக முன்பள்ளியில் கண்டதும் இதுதான்: படம் வரைவதை விரும்பிய பிள்ளைகளுக்குப் பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தபின், அவர்கள் தாமாக வரைவது குறைந்தது; எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. ஆனால் பல் தீட்டுவதை விரும்பித் தொடங்கும் பிள்ளை அரிது என்பதால், அங்கே அட்டை உதவும். ஒரு நேரத்தில் ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். செய்த உடனேயே, எதற்காக என்று சொல்லி ஒட்டுங்கள். பழக்கம் படிந்ததும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று மெல்லக் குறையுங்கள். ஒட்டியதை எக்காரணத்துக்காகவும் உரிக்காதீர்கள். முதலில் மகனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள்.

கல்லடியிலிருந்து ஒரு தாய்:
மறுநாளே கூட்டிப்போனேன், ரீச்சர். நனைந்த மணலில் நின்றுகொண்டு, "இப்ப ஓடினா எத்தனை எடுப்பீங்க?" என்று கேட்டான்.