மறு: நச்சுக் கட்டடத்துக்கு ‘இடிப்பு’ வேண்டாம், வேற சொல் பாக்கலாம்

குழுவுல எல்லாருக்கும் வணக்கமுங்க. சேலம் அஸ்தம்பட்டியில இருந்து எழுதுறேன். கட்டட வேலை செய்யுறவங்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி குடுக்குறதுதான் நமக்கு வேலை, அதுக்காகத் தமிழ்ல ஒரு கையேடு தயார் பண்ணிட்டு இருக்கோம். ஆஸ்பெஸ்டாஸ், ஈயம், பாதரசம் இதெல்லாம் படிஞ்சுபோன உயரமான கட்டடம், சுத்தியும் கடை, வீடு, ரோடுன்னு ஜன நெருக்கம், வெடி வைக்க முடியாது, இரும்புக் குண்டு மோதவும் முடியாது, அப்ப அதை எப்படி சுத்தம் பண்ணி மாடி மாடியா அறுத்து எறக்குறதுன்னு ஒரு பாடம் வருது. இங்கிலீஷ்ல டீகன்ஸ்ட்ரக்‌ஷன்னு சொல்லிட்டுப் போயிடுறாங்க. அதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்னு கேட்டதுக்கு இங்க குழுவுல வந்த சொல்லுங்க: இடிப்பு, தகர்ப்பு, கட்டவிழ்ப்பு, மாடியிறக்கம், நச்சகற்றிப் பிரிப்பு. எனக்குப் பட்டதைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

‘இடிப்பு’ கண்டிப்பா வேண்டாங்க. இது சும்மா சொல் ஆசையில சொல்றது இல்ல. செவ்வாய்ப்பேட்டை பக்கம் ஒரு பழைய குடோன், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை. வேலைச் சீட்டுல ‘கூரை இடித்து அகற்றுதல்’னு எழுதியிருந்தாங்க. மேல ஏறுன ரெண்டு பசங்க கையில சுத்தியல், ஷீட்டைப் புடிச்சிருக்குற ஜே போல்ட்டு துருப்பிடிச்சு நட்டு சுத்த மாட்டேங்குது, அதனால போல்ட்டைச் சுத்தி ஷீட்டை ஒடச்சு ஒடச்சு கீழ தள்ளுறாங்க, ஒவ்வொரு துண்டும் தரையில விழுந்து சாம்பல் கலர்ல புகை மாதிரி எந்திரிக்குது, பக்கத்துலயே மூட்டை ஏத்துறவங்க தலையில துண்டைக் கட்டிட்டு அதே காத்தை இழுத்துட்டு நிக்குறாங்க. பசங்களைக் குத்தம் சொல்ல என்ன இருக்கு, சீட்டுல இடின்னு இருக்கு, இடிக்கிறாங்க. அதே வேலையை எப்படிச் செய்யணும்னா, மொதல்ல தண்ணி தெளிச்சு ஷீட்டை ஊற விடணும், நட்டு சுத்தலைன்னா போல்ட்டைக் கட்டர்ல வெட்டணும், ஷீட்டு மேல பிளேடு படக்கூடாது, முழு ஷீட்டாத் தூக்கிக் கை மாத்தி கை மாத்தி எறக்கணும், கீழ தடிமனான பாலித்தீன்ல சுத்தி டேப் போட்டு மேல எழுதி வைக்கணும். ஒடையாத ஷீட்டுல இருந்து இழை அவ்வளவா வராது, ஒடச்சாதான் வரும். அந்த இழை கண்ணுக்குத் தெரியாது, இருமலும் அன்னிக்கே வராது, இருபது முப்பது வருஷம் கழிச்சு நுரையீரல்ல காட்டும், அப்ப யாரு எந்தக் குடோன்னு கேட்பாங்க?

‘தகர்ப்பு’ நல்ல சொல்தான், ஆனா அதுக்கு வேற வேலை இருக்கு. சென்னை மௌலிவாக்கத்துல 2014 ஜூன்ல ஒரு 11 மாடி சரிஞ்சு 61 பேர் செத்தாங்களே, பக்கத்துல மிச்சம் நின்ன இன்னொரு 11 மாடியை 2016 நவம்பர்ல வெடி வச்சு எறக்குனாங்க, அது தகர்ப்பு. நொய்டாவுல 2022 ஆகஸ்ட் 28 அன்னிக்கு சுமார் 3,700 கிலோ வெடிமருந்து வச்சு ரெட்டைக் கோபுரத்தைச் சில நொடியில சாய்ச்சாங்க, டிவியில பார்த்திருப்பீங்க, அந்தப் புழுதி எவ்வளவு தூரம் பரவுச்சுன்னு. அந்தப் புழுதியில நஞ்சு இருந்தா என்ன ஆகும்னு நெனச்சாலே போதும், நம்ம பாடம் அதுக்கு நேர் எதிர்னு புரிஞ்சிடும். வெடிக்குத் தகர்ப்பு இருக்கட்டும்.

‘கட்டவிழ்ப்பு’ இலக்கிய விமர்சனக்காரங்க கையில ரொம்ப நாளா இருக்கு. கொத்தனார்கிட்ட அதைச் சொன்னா மூட்டையை அவுக்கணுமான்னு கேட்பாரு.

‘மாடியிறக்கம்’ சொன்ன தம்பிக்கு: கேக்க நல்லா இருக்கு, ஆனா மேல இருந்து எறக்குறதுதான் ஒரே வழின்னு ஆயிடும். டோக்கியோவுல கஜிமா கம்பெனி 2008ல தன்னோட பழைய ஆபீஸ் கட்டடத்தை அடியில இருந்து எடுத்தாங்க, தூண் அடியில ஜாக்கி குடுத்து, தூணைக் கொஞ்சம் அறுத்து, ஜாக்கியை எறக்கி, அடி மாடியையே மறுபடி மறுபடி பிரிச்சுகிட்டே போனாங்க, வேலை எல்லாம் தரையோட. இன்னொரு கம்பெனி, டைசெய், 2012, 13ல அகாசாகா பிரின்ஸ் ஹோட்டலை, அது கிட்டத்தட்ட 140 மீட்டர், மொட்டை மாடியைக் கழட்டாம மூடியா வச்சுகிட்டு அதுக்குள்ளயே பிரிச்சு, மூடியைக் கீழ கீழ எறக்கிட்டே வந்தாங்க, தூசி, சத்தம் வெளிய வர்றது ரொம்பக் கொறஞ்சுது. ரெண்டு முறைக்கும் பொருந்துற மாதிரி சொல் வேணும்.

இப்ப நான் எதுக்கு இவ்வளவு அடிச்சுக்குறேன்னு சொல்லிடுறேன். நியூயார்க்குல 130 லிபர்ட்டி தெரு, டாய்ச்ச பேங்க் கட்டடம்னு சொல்வாங்க, 2001 செப்டம்பர் 11ல உலக வர்த்தக மையத்தோட தெற்குக் கோபுரம் விழுந்தப்ப அது மேல விழுந்து 24 மாடி உயரத்துக்குக் கிழிச்சிட்டுப் போச்சு. உள்ள எல்லாம் புழுதி, ஆஸ்பெஸ்டாஸ், ஈயம், பாதரசம், டையாக்சின், அப்புறம் மழைத்தண்ணி எறங்கி பூஞ்சை. பின்னாடி மொட்டை மாடியிலயும் உள்ளயும் எறந்தவங்க எலும்புத் துண்டு எழுநூறுக்கு மேல கெடச்சுது, அதனால புழுதியை அள்ளி லாரியில கொட்டவும் மனசு வராது, சலிச்சுப் பாக்கணும். 2007ல பிரிக்க ஆரம்பிச்சாங்க. எப்படின்னா, மேல மாடியை அறுத்து எறக்கிட்டு இருக்கும்போதே கீழ மாடியில ஆஸ்பெஸ்டாஸ் எடுக்குற வேலையும் நடக்கும், ரெண்டும் ஒண்ணா. அதே வருஷம் ஆகஸ்ட் 18, கட்டடம் 26 மாடிக்கு எறங்கியிருந்த நேரம், 17வது மாடியில தீ. தூசி வெளிய போகக்கூடாதுன்னு படிக்கட்டைப் பிளைவுட் வச்சு அடச்சிருந்தாங்க, சுத்தியும் பாலித்தீன், ஃபேன் வச்சு காத்தை உள்ளுக்கே இழுத்துட்டு இருந்தாங்க, அதனால மேல போக வேண்டிய புகை கீழ்மாடிக்கும் எறங்குச்சு. தீயணைப்புக்குத் தண்ணி ஏத்துற குழாயில அடித்தளத்துல ஒரு நீளத் துண்டு கழட்டிக் கெடந்துச்சு, ஒரு மணி நேரத்துக்கு மேல மேல தண்ணி போகல. ரெண்டு தீயணைப்பு வீரங்க உள்ளயே மாட்டி உயிரை விட்டாங்க.

பாருங்க, பாலித்தீனும் சரிதான், ஃபேனும் சரிதான், நஞ்சு எடுக்குறதுக்கு அதெல்லாம் வேணும். அறுக்குறது, வெல்டிங் கட்டர், தீப்பொறி, இதெல்லாம் பிரிக்கிற வேலைக்கு வேணும். அன்னிக்குத் தீ புடிச்சது சிகரெட்டுல. ஆனா ரெண்டு வேலையும் ஒரே கட்டடத்துல ஒரே நேரத்துல நடந்துட்டு இருந்துச்சு, தப்பிக்குற வழி அடச்சிருந்துச்சு, குழாய் கழண்டு கெடந்ததால தண்ணியும் இல்ல. அதுக்கப்புறம் முறையை மாத்தி, மிச்ச மாடி எல்லாத்துலயும் நஞ்சை முழுசா எடுத்து முடிச்சாங்க, அப்புறமாத்தான் 2009 கடைசியில மறுபடி பிரிக்க ஆரம்பிச்சு 2011 தொடக்கத்துல தரைக்குக் கொண்டு வந்தாங்க.

அதனால சொல்லுக்குள்ளயே முன்னாடி எது பின்னாடி எதுன்னு இருக்கணும். நம்ம மொழியில அதுக்குத்தான் வினையெச்சம் இருக்கே, குளிச்சுச் சாப்பிட்டான்னா குளிச்சது முன்னாடி. ‘நச்சகற்றிப் பிரிப்பு’ சொன்னவங்களுக்கு என் ஓட்டு. ‘பிரி’ங்கிறது நம்ம ஆளுங்க வாயில இருக்குற வார்த்தை: பந்தலைப் பிரிக்கிறது, சாரத்தைப் பிரிக்கிறது, ஓட்டைப் பிரிக்கிறது. பிரின்னு சொன்னா கை தானா மெதுவா ஆயிடும், பொருள் ஒடையக்கூடாதுன்னு தெரியும்.

---

ஏற்காட்டில் இருந்து:

வணக்கம். நீங்க எழுதினதைப் படிச்சேன், அந்தத் தீ விவரம் எனக்குத் தெரியாது, மனசு கஷ்டமாயிடுச்சு. நான் முப்பது வருஷத்துக்கு மேல தமிழ் சொல்லிக்குடுத்தவ, ரெண்டு விஷயம் சொல்றேன் தம்பி.

ஒண்ணு, ‘பிரிப்பு’ன்னு பேர்ச்சொல்லா நிறுத்துனா சொத்துப் பிரிப்பு, மாவட்டப் பிரிப்பு ஞாபகம்தான் வரும். ‘பிரித்தல்’னு தொழிற்பெயரா வையுங்க, வேலைங்கிறது தெரியும்.

ரெண்டாவதுதான் முக்கியம். ‘நச்சகற்றி’ல ஒரு சிக்கல் இருக்கு. அகற்றின்னா அகற்றிவிட்டுன்னும் வரும், அகற்றுற பொருள்னும் வரும். வலிநீக்கி, துருநீக்கின்னு சொல்றோமே அந்த மாதிரி. நச்சகற்றின்னு ஒரு மருந்து இருக்கு, அதைத் தெளிச்சுப் பிரிக்கணும்னு ஒரு பையன் படிச்சிட்டா? நீங்க வரிசை வேணும்னுதானே வினையெச்சத்தைத் தேடுறீங்க, அந்த வரிசையே இதுல கலைஞ்சிடும். ‘நச்சுநீக்கிப் பிரித்தல்’னாலும் இதே கதைதான். இகரத்துல முடியாத எச்சமாப் பாருங்க.

அப்புறம், எடுக்க வேண்டியதை நஞ்சுன்னு சொல்றதா, மாசுன்னு சொல்றதான்னு குழுவுல கேட்டிருந்தாங்க. மாசுன்னா இன்னிக்குப் பிள்ளைங்க வண்டிப் புகைன்னு நினைக்குது. தீட்டுன்னு ஒருத்தர் எழுதியிருந்தார், அது கூடவே கூடாது, அந்தச் சொல்லால மனுசங்க பட்டது போதும்.

---

சூரமங்கலத்தில் இருந்து:

ஃபேப்ரிகேஷன் ஷெட்டு வச்சிருக்கேன், படிப்பு கம்மி, ஆனா ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு. எங்க பக்கம் கழட்டுறது வேற, பிரிக்கிறது வேற. போல்ட்டு கழட்டுவோம், ஷெட்டைப் பிரிப்போம். அண்ணன் சொன்னது சரி. தேள் கடிச்சா வெசம் எடுக்குறதுன்னு சொல்றோமில்ல, அந்த எடுக்குறதையே போட்டா என்ன? ஆஸ்பெஸ்டாஸ் எடுக்கணும்னுதான் நாங்களும் பேசிக்கிறோம். ஆனா ஒரு சந்தேகம், ஆஸ்பெஸ்டாஸ் நார் தானே, நஞ்சுன்னு சொன்னா ஒத்துக்குவாங்களா?

---

அஸ்தம்பட்டியில் இருந்து:

அம்மா, நீங்க சொன்ன ‘அகற்றி’ சிக்கல் என் கண்ணுல படவே இல்லீங்க, ரொம்ப நன்றி. சூரமங்கலத்துத் தம்பி குடுத்த எடுக்குறதை அதுல வச்சுப் பாத்தேன்: ‘நஞ்செடுத்துப் பிரித்தல்’. எடுத்துன்னா எச்சம் மட்டும்தான், பொருள்னு யாரும் படிக்க முடியாது. எடுத்துட்டுத்தான் பிரிக்கணும்னு காதுல விழும்போதே தெரியுது. சைட்டுல பேசும்போது ‘நஞ்செடுத்துப் பிரிக்கணும்’, ‘நஞ்செடுத்தாச்சா, பிரிக்கலாமா’ன்னு வாய்க்கும் வருது, கையேட்டுக்கும் நிக்குது.

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. ஆஸ்பெஸ்டாஸுக்குக் கல்நார்னு தமிழ்ப் பேர் இருக்கு, நார்தான் அது, பாம்பு விஷம் மாதிரி ரத்தத்துல கலந்து கொல்றது இல்ல, நுரையீரல்ல போய்க் குத்தி அங்கயே கெடக்கும். ஆனா இந்த மாதிரிக் கட்டடத்துல அது மட்டும் இருக்காது, பழைய பெயின்ட்டுல ஈயம், டியூப்லைட்டுல பாதரசம், பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் எல்லாம் சேர்ந்துதான் வரும். உள்ள இழுத்தா கெடுதல்ங்கிற எல்லாத்துக்கும் ஒரு பொதுச்சொல் வேணும், நஞ்சுன்னு போட்டா முகமூடி மூக்குல ஏறும், மாசுன்னு போட்டா கழுத்துல தொங்கும். பயிற்சியில பாக்குறதை வச்சு சொல்றேன்.

இன்னும் ரெண்டு சொல் பாக்கி இருக்குங்க. நஞ்செடுக்குற மாடியைச் சுத்திப் பாலித்தீன் கட்டுறதுக்கு ‘உறையிடுதல்’னு வச்சிருக்கேன், மூடாக்குன்னு முதல்ல நெனச்சேன், அது தோட்டக்காரங்களுது. உள்ள காத்தழுத்தம் வெளிய விடக் கம்மியா இருக்குற மாதிரி ஃபேன் வச்சு இழுத்து, 0.3 மைக்ரான் தூசியையே 99.97 சதவீதம் புடிக்கிற ஹெப்பா ஃபில்டர் வழியா வெளிய விடுறது இருக்கே, நெகட்டிவ் பிரஷர், அதுக்கு ‘எதிர்மறை அழுத்தம்’னு பாடப்புத்தகத்துப் பாணியில ஒருத்தர் அனுப்பியிருக்காங்க. எதிர்மறைன்னா என்னன்னு கொத்தனாருக்குச் சொல்லவே அரை மணி நேரம் ஆகும். ‘உள்ளிழு அழுத்தம்’னு போட்டா, பாலித்தீன் உள் பக்கமா ஒட்டி நிக்குதான்னு பாருங்க, ஒட்டியிருந்தா சரி, வெளிய உப்பியிருந்தா வேலையை நிறுத்துங்கன்னு கூடவே சொல்லிடலாம். தீ வந்தா அந்த ஃபேனை யாரு நிறுத்துறது, சுவிட்ச் எங்க இருக்குங்கிறதையும் அதே பக்கத்துல எழுதப்போறேன்.

அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ‘உள்ளிழு அழுத்தம்’ இலக்கணப்படி நிக்குமான்னு அம்மா ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நல்லது. மத்தவங்களும் ஆட்சேபணை இருந்தா இந்த வாரத்துக்குள்ள எழுதிடுங்க.