‘ஆற்காடு வீடு’ குழுவில் கவினின் வாசிப்பு

வெள்ளிக்கிழமை

கவிதா, இரவு 8:47
அக்கா, இன்று பள்ளியில் பெற்றோர் கூட்டம். கவின் மூன்றாம் வகுப்பை முடிக்கப் போகிறான், இன்னும் முதல் படியான ‘அரும்பு’ நிலையிலேயே இருக்கிறான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்கள். எழுத்தெல்லாம் அவனுக்குத் தெரியும். தினமும் இரண்டு பக்கம் எழுத வைக்கிறேன். புத்தகத்தைத் திறந்தால்தான் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியைத் தோன்றியபடி சொல்கிறான். தவறு என்றால் அழுகிறான். நம் ஊர் அணைக்கட்டு வந்து சேரும் வரை பஸ்ஸில் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மோகன் அண்ணன், 8:52
இதற்கா வருத்தம்? ஒரு புத்தகம் படித்தால் பத்து ரூபாய் என்று சொல். பணம் நான் அனுப்புகிறேன்.

அம்மா, 8:59
அப்பா சொல்கிறார், நான் எழுதுகிறேன். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் இன்னும் போனைப் பார்க்கக் கூடாது. “திண்ணைப் பள்ளியில் மணலில் விரல் தேய 247 எழுத்தும் எழுதினோம். அப்படித்தான் படிப்பு வந்தது. இப்போது அட்டை, பாட்டு, பொம்மை என்று காலம் போகிறது.”

செல்வி அக்கா, 9:21
கவிதா, எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பிள்ளையின் காதில் விழும்படி சொன்னது அதைவிடத் தவறு. அரும்பு, மொட்டு, மலர் என்பது மதிப்பெண் இல்லை கண்ணு. 2022-இல் அரசுப் பள்ளிகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோது, எந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதற்காக வைத்த பிரிவு அது.

கவின் தூங்கிவிட்டானா? இல்லையென்றால் ஒரு தாளில் பாக்கு, பங்கு, பகல் என்று எழுதிக் காட்டு. என்ன சொல்கிறான் என்று அப்படியே எழுது. திருத்தாதே.

கவிதா, 9:34
‘பாக்கு’ சரியாகச் சொன்னான். ‘பங்கு’ கொஞ்சம் யோசித்துச் சொன்னான். ‘பகல்’ என்பதைப் ப… க… ல் என்று க-வை அழுத்தி, பாக்கில் வருவதுபோலவே படித்தான். என்ன சொல் என்று கேட்டேன், தெரியவில்லை என்றான்.

செல்வி அக்கா, 9:48
அவனுக்கு எழுத்து தெரிகிறது. அந்த எழுத்திலிருந்து சொல்லுக்குப் போகும் வழிதான் தெரியவில்லை. நமக்கு க ஒன்றுதான், ஆனால் பாக்கில் ஓர் ஒலி, பங்கில் ஓர் ஒலி, பகலில் இன்னோர் ஒலி. எந்த எழுத்து அட்டையிலும் அது இருக்காது. அந்தச் சொல்லைக் காதால் பலமுறை கேட்டவனுக்கு நாக்கு தானே திரும்பிக்கொள்ளும். ‘கொ’ இன்னும் கடினம். கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது க-வை. இரண்டு பக்கம் எழுத வைப்பதால் கை பழகும், இது பழகாது. நாளை முதல் அந்த இரண்டு பக்கத்தை நிறுத்து.

அடுத்தது, வீட்டில் நாம் போனான், சொன்னாள், பக்கத்தில் என்கிறோம். புத்தகம் சென்றான், கூறினாள், அருகில் என்கிறது. கவினுக்கு அது பாதி வேற்று மொழி. கேட்டே இராத தமிழைக் கண்ணால் மட்டும் பிடி என்றால் ஊகிக்காமல் என்ன செய்வான்? குடியாத்தம் பக்கம் என் வகுப்பில் வீட்டில் தெலுங்கும் உருதும் பேசுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் இரண்டு மாதம் நான் வாசித்துக் காட்டிக்கொண்டே இருப்பேன். அந்த நேரத்தை வீணென்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

கவிதா, 9:55
அப்படியானால் நான் அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டுமா? மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கா?

செல்வி அக்கா, 10:06
ஆமாம். இரவில் பத்து நிமிடம். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, சொல்லின் கீழ் விரல் ஓட்டியபடி படி. மறுநாள் அதே கதை, இருவரும் சேர்ந்து. மூன்றாம் நாள் அதே கதை, அவன் மட்டும். ஒரு சொல்லில் நின்றால் உடனே எடுத்துக் கொடுக்காதே, மனத்துக்குள் ஐந்து வரை எண்ணு. அப்போதும் வரவில்லையென்றால் சொல்லிவிடு, வதைக்காதே. கதையில் அடுத்து என்ன நடக்கும் என்று இடையிடையே கேள். பாடப்புத்தகம் வேண்டாம். 2023-இல் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்துக்காக நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறு புத்தகங்கள் வந்தன. ‘நுழை’ என்று போட்டிருப்பதில் சிலவற்றைக் கொண்டு வருகிறேன்.

மோகன், பத்து ரூபாய் வேண்டாம்.

மோகன் அண்ணன், 10:09
ஏன் அக்கா? நல்ல காரியத்துக்குத்தானே?

செல்வி அக்கா, 10:15
உன் மனம் தெரியும். 1973-இல் அமெரிக்காவில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் பார்த்தார்கள். படம் வரைய ஆசைப்பட்ட பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று சொல்லி, அப்படியே கொடுத்தார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், வரைவதற்கு மற்றவர்கள் செலவிட்ட நேரத்தில் ஏறக்குறையப் பாதியைத்தான் இவர்கள் செலவிட்டார்கள். கவினுக்கு இன்னும் ஆசையே பிறக்கவில்லை என்பாய், உண்மைதான். ஆனால் பணத்துக்காகப் படிக்கிறவன் மிக மெல்லிய புத்தகமாகப் பார்த்து எடுப்பான், பக்கத்தைப் புரட்டிவிட்டு முடித்தேன் என்பான். நானும் ஒரு வருடம் வகுப்பில் நட்சத்திரம் ஒட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் நட்சத்திரத்தைத்தான் எண்ணினார்கள்.

அந்தப் பணத்தில் அவனை வேலூர் மாவட்ட மைய நூலகத்துக்கு அழைத்துப் போ. அவனே எடுக்கட்டும். பாம்புப் புத்தகம் எடுத்தாலும் சரி.

அம்மா, அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். மணலில் எழுதிய பிள்ளைகளில் எத்தனை பேர் ஐந்தாம் வகுப்பு வரை வந்தார்கள்?

அம்மா, 10:24
கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். “முப்பது பேர் இருந்தோம். ஐந்தாவது முடித்தது ஏழு பேர். மற்றவர்கள் அடிக்குப் பயந்து மாடு மேய்க்கப் போய்விட்டார்கள்” என்கிறார்.

செல்வி அக்கா, 10:27
அந்த இருபத்து மூன்று பேருக்காகத்தான் அப்பா அட்டையும் பாட்டும்.

இன்னொன்று தோன்றுகிறது. அப்பாவுக்கு இப்போது செய்தித்தாள் படிக்க முடியாது. தினமும் மாலை கவின் போனில் தாத்தாவுக்கு ஒரு தலைப்பை மட்டும் படித்துச் சொல்லட்டும். தாத்தாவுக்கு அது உண்மையாகவே தேவை. பிள்ளைக்கு அது தெரியும்.

அம்மா, 10:30
“ஆறு மணிக்குக் காத்திருப்பேன் என்று சொல்” என்கிறார்.

பதினாறு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை

கவிதா, காலை 10:12
அக்கா, அப்பாவைப் பார்க்க வேலூர் பஸ் நிலையம் வந்திருக்கிறோம். நடுவில் நான்கு நாள் நான் படித்துக் காட்டவில்லை, வேலை. செய்தித்தாளிலும் பெரிய எழுத்துத் தலைப்பு மட்டும்தான் வருகிறது. ‘சென்றான்’ வந்தால் இன்னும் தடுமாறுகிறான்.

ஆனால் இப்போது ஒன்று நடந்தது. ஆம்பூர், ஆரணி, ஆற்காடு, மூன்று பஸ்ஸும் வரிசையாக நின்றன. போன மாதம் என்றால் மூன்றையும் ஆற்காடு என்றிருப்பான். இன்று ஆம்பூர் என்றான், ஆரணி என்றான். மூன்றாவதை ‘ஆறகாடு’ என்று படித்துவிட்டு நின்றான். மறுபடியும் பார்த்து, “புள்ளி இருக்கிறது அம்மா, ஆற்காடு” என்றான்.

செல்வி அக்கா, 10:14
திரும்பிப் போய்ப் பார்த்தது அவனாகவா, நீ சொல்லியா?

கவிதா, 10:15
அவனாகத்தான் அக்கா. நான் மூன்று வரைதான் எண்ணியிருந்தேன்.

அம்மா, 10:21
பஸ் ஏறிவிட்டீர்களா? இன்றைய செய்தித்தாளை மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறார்.