பகுதி கிரகணத்தில் நிழலைப் படமெடுக்க யோசனை வேண்டும்

சூரியனை அல்ல, தரையில் விழும் வெளிச்சத்தைத்தான் எடுக்கப் போகிறேன். 3 மி.மீ. துளையிட்ட அட்டையை வெள்ளைத் தாளிலிருந்து 2 மீட்டர் தள்ளிப் பிடித்தால் சூரியனின் பிம்பம் சுமார் 18 மி.மீ. விட்டத்தில் விழும், துளை பெரிதானால் கிரகணத்தில் பிறையாக மாறும் அந்தப் பிம்பத்தின் முனைகள் மழுங்கிவிடும். எக்ஸ்போஷர் (கேமரா பதியும் ஒளியின் அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறத்தைச் சரிசெய்வது) இரண்டும் மேனுவலில்தான். ஆட்டோவில் விட்டால் வெளிச்சம் குறைவதைக் கேமராவே ஈடுகட்டிவிடும், அந்த மங்கல் படத்தில் தெரியாது.

சிக்கல் நிழலின் விளிம்பில். பிறை நன்றாக மெலிந்ததும், அதன் நீளவாக்கில் நீட்டிய விரலின் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக விழும். குறுக்கே நீட்டினால் அதே விரலின் நிழல் கலங்கலாகிவிடும். இந்த வேறுபாட்டை ஒரே ஃபிரேமில் காட்ட எதன் நிழலைப் பிடிக்கலாம்? சதுரக் கம்பிவலை சரிவருமா? தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில்? செய்து பார்த்தவர்கள் கம்பியின் தடிமனையும் சேர்த்துச் சொல்லுங்கள்.