மேக்னம் தோட்டாவும் ஆயிரம் கெஜமும்: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

வயோமிங்வாசி:
தூரத்தில் சுட, மருந்து அதிகமுள்ள மேக்னம் தோட்டாக்களில் 300 வின் மேக் பெரிதா, 338 லபுவா பெரிதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. வயோமிங்கில் காஸ்பர் என்ற ஊருக்கு மேற்கே ஒரு பண்ணை. 1500 கெஜத்தில் இரும்புத் தகடு. என்னிடம் 300 வின் மேக், 190 கிரெய்ன் எடையுள்ள குண்டு. அவ்வளவு தூரம் போவதற்குள் அதன் வேகம் நன்றாகவே செத்திருக்கும். தகட்டுக்கு இடப்பக்கம் ஒரு தடவை தூசி, வலப்பக்கம் ஒரு தடவை தூசி, அவ்வளவுதான்.

பக்கத்தில் படுத்திருந்தவர் 338 லபுவா, 300 கிரெய்ன். சுட்டார். நான் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற தூரநோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு விநாடிக்கு மேல் ஒன்றுமே இல்லை. அப்புறம் தகடு ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது, சத்தமே இல்லாமல். ஆடி அடங்கப் போகிற நேரத்தில்தான் 'டங்' என்று வந்து சேர்ந்தது. மனிதர் அதற்குள் போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவைப் போட்டுவிட்டார்! அன்று ராத்திரியே வீட்டில் 338 விலையைப் பற்றிப் பேச்செடுத்தேன். கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது.

பித்தளைப்பித்தன்:
என் கதை சத்தம் பற்றியதில்லை, தோட்டாவின் அடியைச் சுற்றியிருக்கும் பித்தளைப் பட்டையான பெல்ட் பற்றியது. 300 வின் மேக்கில் ரீலோடிங் செய்பவர்களுக்கு, அதாவது சுட்ட கேஸில் (பித்தளைக் கூட்டில்) மறுபடி மருந்து அடைப்பவர்களுக்குப் புரியும். ரேஞ்சில் என் காலி கேஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளைக்காரத் தாத்தா அதில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பெல்ட்டுக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம். பேச்சே இல்லை. சட்டைப்பையிலிருந்து பேப்பர் கிளிப்பை எடுத்து நிமிர்த்தினார், நுனியைக் கொக்கியாக வளைத்துக் கேஸுக்குள் விட்டு உள்சுவரைத் தடவினார். "நீயே பார்" என்று என் கையில் கொடுத்தார். கம்பி ஒரு பள்ளத்தில் 'டக்' என்று மாட்டியது. அடுத்த சூட்டில் கேஸ் அங்கேயே இரண்டாகப் பிளந்திருக்கும். அந்த 'டக்' இன்னும் என் விரலில் இருக்கிறது. பெல்ட் போட்ட தோட்டாவே வேண்டாம் என்று, பெல்ட் இல்லாத மேக்னமான 300 பிஆர்சிக்கு மாறிவிட்டேன்.

டல்லாஸ் மாமா:
தம்பி பித்தளை, பெல்ட்டைத் திட்டாதீர்கள். அது 1912இல் வந்த 375 ஹெச் அண்ட் ஹெச் தோட்டாவிடமிருந்து வந்தது. அந்தக் குடும்பத்துத் தோட்டாக்களுக்குத் தோள் (கேஸ் கழுத்தை நோக்கிச் சுருங்கும் இடம்) சரிவாக இருக்கும், துப்பாக்கியில் தோட்டா உட்காரும் சேம்பரில் அதை நம்பி நிறுத்த முடியாது, அதனால் பெல்ட். 1963இல் வந்த 300 வின் மேக்குக்கு நல்ல தோளே இருக்கிறது. பெல்ட் வெறும் பரம்பரைச் சொத்து. ரீலோடிங்கில் கேஸை அழுத்தி அளவுக்குக் கொண்டுவரும் டையை, கேஸைப் பிடித்திருக்கும் ஷெல்ஹோல்டரில் முட்டும்வரை இறக்கினால் தோள் அளவுக்கு மேல் பின்னால் போகும், சுடும்போது பித்தளை இழுபடும், வளையம் விழும். தோளை அளந்து ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு மட்டும் தள்ளுங்கள், கேஸ் பல தடவை உழைக்கும். 1935இல் அமெரிக்காவின் கேம்ப் பெர்ரியில் பென் கம்ஃபர்ட் துப்பாக்கி சுடுதலில் விம்பிள்டன் கோப்பையை வென்றது 300 ஹெச் அண்ட் ஹெச்சை வைத்துத்தான். ஆயிரம் கெஜப் போட்டி, அதுவும் பெல்ட் தோட்டா!

என் அனுபவம் என்ன பெரிதாக? ஒரு பையன் புத்தம்புது 300 பிஆர்சியோடு வந்தான், உதைப்பு தாங்காமல் கிளம்பும்போது தோளில் ஐஸ் பை.

அதனால் புதிதாக வருகிறவர்கள் யாராக இருந்தாலும் முதலில் உதைப்பு குறைந்த 6.5 கிரீட்மூர் வாங்குங்கள். ஆயிரம் கெஜத்தில் மணிக்கு 10 மைல் பக்கக்காற்றுக்கு அது பிஆர்சியைவிட ஓரடிக்கு மேல் கூடுதலாக நகரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேக்னத்தின் உதைப்பு அதைப் போல இரண்டு மடங்கு. பேரலும் சீக்கிரம் தேயும். காற்றைப் படிக்கத் தெரியாதவனுக்கு அந்த ஓரடி எதற்கு? காற்றைப் படிக்க ஆயிரக்கணக்கில் சுட வேண்டும். மேக்னத்தில் அப்படிச் சுட்டால் தோளும் தாங்காது, பர்ஸும் தாங்காது. நல்ல ஸ்கோப்புக்குச் செலவழியுங்கள்.

கால்கரிக்காரி:
யாரும் ஐஸ் பை கேட்கவில்லை மாமா :) என் பக்கத்து லேனில் 338, குழல் நுனியில் வெடிப்புக் காற்றைப் பக்கவாட்டில் தள்ளும் மஸில் பிரேக்கோடு. அவர் சுடும்போதெல்லாம் என் மேஜையிலிருந்த காகிதம் பறக்கும், பல்லில் அதிரும். என்னைப் பார்த்து "பெண்களுக்கு இது சரிப்படாது" என்றார். அவருடைய நண்பர் சத்தமில்லாமல் மருந்தில்லாத ஒரு டம்மி தோட்டாவை நடுவில் கலந்துவிட்டார். 338காரர் விசையை இழுத்தார், 'கிளிக்'. வெடிக்காத துப்பாக்கிக்குப் பயந்து கண்ணை இறுக மூடினார், குழல் ஒரு சாண் கீழே போனது. என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பித்தளைப்பித்தன்:
மாமா, தோளை அளக்க எனக்கும் தெரியும். பிஆர்சிக்கு மாறியது அதற்காக மட்டுமில்லை. வின் மேக்கின் முழு நீளம் 3.34 அங்குலம், பிஆர்சி 3.7. நீளமான கனமான குண்டைப் போட்டாலும் பவுடர் இடத்தை அது தின்னாது. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

டல்லாஸ் மாமா:
அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் வயோமிங்வாசிக்கு ஒன்று. காஸ்பர் 5000 அடிக்கு மேல் இருக்கிற ஊர், அங்கே காற்று மெல்லிசு, குண்டின் வேகம் அவ்வளவாகக் குறையாது. அந்த 338காரரை ஜூலையில் எங்கள் பக்கம் வந்து அதே தூரத்தில் அடிக்கச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

வயோமிங்வாசி:
ஜூலையில் உங்கள் ஊர் வெயிலில் மல்லாந்து படுக்கவே முடியாது, குப்புறப் படுத்து எங்கே மாமா சுடுவது?